குடல் சாரின் பெட்டிகள் ஏலம் போன கதை

திருவனந்தபுரத்தில் மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் குடல் சார்தான். முகம், பேர், உத்தியோகம் எதுவும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. தொண்டைக்குக் கீழேதான் மனுஷன் ஆரம்பிக்கிறான் என்பது அவர் கட்சி.

கரமனையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா ஜரிகை வேஷ்டியும் பன்னீர்ச் செம்புமாக வாசலில் நிற்கிறார். குடல் சாரைக் கண்டதும் மனுஷன் முகத்தில் ஒரு பயம். ஓடி ஒளிய இடமில்லை. சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“பாத்த ஆளு மாதிரி இருக்கு. ஆனா பிடி கிடைக்கல்ல. உமக்க ரிப்போர்ட்ட கொஞ்சம் செல்லும்.”

அவர் காதோடு காதாக ஏதோ சொன்னார். சார் முகம் மலர்ந்துவிட்டது.

“அடடே! இடது பக்கம் ஒரு வளைவு! டியூப்பு அங்க வந்து திரும்பவே மாட்டேன்னு நின்னுதே! நீரா அது? என்ன அழகான குடலு! இப்ப சுகமா போவுதா?”

நாதஸ்வரக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். பெண் வீட்டார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பாவம், பன்னீர்ச் செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “போறது சார், நன்னா போறது” என்று சபையறியச் சொல்லித்தான் தப்ப வேண்டியிருந்தது.

சாருக்கு ஒரு பேர் இருந்தது. வாசல் போர்டில் போட்டிருந்தார்கள், பின்னால் நிறைய எழுத்துகளோடு. ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை. ஆட்டோக்காரரிடம் “குடல் சாரோட ஆஸ்பத்திரி” என்றால் கொண்டுவந்து விட்டுவிடுவார். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். காலையில் நோயாளிகளின் வயிற்றுக்குள் டியூபை விட்டுப் பார்ப்பார். மத்தியானம் மாடியில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அதே வயிற்றுக்காரர்களின் கிருமிகளோடு குடித்தனம் நடத்துவார். வீட்டுக்கு எப்போது போவார் என்று அவர் சம்சாரத்தைத்தான் கேட்க வேண்டும். அந்த அம்மாளும் எங்களிடம்தான் கேட்பாள்.

நான் அவரிடம் புராஜெக்ட் அசிஸ்டன்டாகச் சேர்ந்த கதையே வேடிக்கை. கரமனை அக்ரஹாரத்துக்காரி நான். மலைத் தோட்டங்களில் தமிழ் பேசும் தொழிலாளர்களிடம் போய்ப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை அவர்.

“இரியுங்க மாமி. இன்னிக்கு காலையில போயாச்சா?”

“எங்கே சார்?”

“எங்க போவாங்க? கக்கூசுக்குத்தான்.”

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. “பாத்தியளா, இத ஒரு மனுஷன்கிட்ட நேரா கேக்க நமக்கு நாக்கு கூசுது. வாய் விட்டுச் செல்லாம ஆளுக சாவுறாங்க. நீங்க இத நூறு வீட்டுல போய்க் கேக்கணும். முடியுமா, முடியாதா, அத மட்டும் செல்லுங்க” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “முடியும். ஆனா என்னைக் கேக்கப்படாது” என்றேன். வேலை கிடைத்தது. மறுநாள் காலையிலிருந்து தினமும் கேட்டார்.

சாருக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. எந்த மருந்தையும் தான் குடித்துப் பார்க்காமல் நோயாளிக்குக் கொடுக்கமாட்டார். குடலைப் பார்ப்பதற்கு முன்னால் வயிற்றைச் சுத்தம் பண்ண ஒரு பேதி மருந்து கொடுப்பார்கள். புதிதாக ஒன்று வந்தது. “வாயில வைக்க முடியல்ல சார்” என்று ஒரு பாட்டி அழுதிருக்கிறாள். சார் அங்கேயே ஒரு ஜாடி கலக்கி மடமடவென்று குடித்துவிட்டார். அன்றைக்கு மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்ஷன் என்பது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, அவரைத் தவிர.

இன்ஸ்பெக்ஷன்காரர்கள் வந்து உட்கார்ந்து முதல் கேள்வி கேட்டதும் சார் எழுந்தார். ஓடினார். பாத்ரூம் கதவு சாத்தப்பட்டது. பாக்கி இன்ஸ்பெக்ஷன் முழுக்க அந்தக் கதவு வழியாகத்தான் நடந்தது. கோட்டு போட்ட மூன்று பெரிய மனிதர்கள் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்க, உள்ளேயிருந்து கணீரென்று பதில் வந்தது. நடுவில் சில இடைவெளிகள். கடைசியில் உள்ளேயிருந்து, “மாமி, எழுதிக்கிடுங்க! இதுல கரிக்கு வெள்ளம் சேத்தா குடிக்கலாம்!” என்று ஒரு குரல். கரிக்கு வெள்ளம் என்றால் இளநீர். அதற்கப்புறம் எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மருந்தை எல்லோரும் இளநீரில்தான் குடிக்கிறார்கள். இன்ஸ்பெக்ஷனிலும் நல்ல மார்க்குதான் கிடைத்தது.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் சாருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. டவுனில் சின்னச் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் குடல் புண்ணாகி ரத்தம் போகிறது. ஆனால் பொன்முடி மலையில் பழங்கஞ்சியும் கருவாடும் தின்று கொழுந்து பறித்த கிழவர்களுக்கு அந்த வியாதியை அவர் கண்டதில்லை. அவர்கள் வயிற்றில் என்ன நல்ல கிருமி குடியிருக்கிறது? அதைக் கண்டுபிடித்துவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே! அதற்கு மலைக்காரர்கள், கடற்கரைக்காரர்கள், டவுன்காரர்கள் எல்லோருடைய சாம்பிளும் வேண்டும். சாம்பிள் என்றால் என்ன சாம்பிள் என்று இனியும் நான் விளக்க வேண்டியதில்லை. சுண்டுவிரல் நீளத்தில் நீல மூடி போட்ட டப்பா. அதில் கொஞ்சம். அவ்வளவுதான்.

மலையடிவாரத்து விதுரா போய், அங்கிருந்து பொன்முடி பஸ் ஏறுவோம். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில், வாசலுக்கு வாசல் சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். கொடுக்கிற பாலில்லாத கட்டஞ்சாயாவைக் குடிப்பார். ஊர்க்கதை கேட்பார். பேச்சு வயிற்றுக்கு வந்து சேர மத்தியானமாகும். அந்த ஜனங்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒரு பெரியவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத்தனை தூரம் மலையேறி வந்திருக்கீங்க டாக்டரய்யா, இம்புட்டுப் போதுமா? இன்னும் கொஞ்சம் தரட்டுமா?” என்று கேட்டார். சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆடும். சார் ஐஸ் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருப்பார். கண்டக்டர், “எந்தா சாரே பெட்டியில்? தேனோ?” என்பார். சாருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்வார். விதுரா வரைக்கும் எங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள சீட்டெல்லாம் காலியாகக் கிடக்கும்.

மலை கொடுத்தது. கடல் கொடுக்கவில்லை. விழிஞ்ஞத்தில் ஆண்கள் சிலர் கொடுத்தார்கள், பெண்கள் கிட்டவே சேர்க்கவில்லை. அங்கே மீன் எடுத்து விற்கிற பனியம்மை என்று ஒருத்தி. ஏழு கடலுக்கும் கேட்கும் தொண்டை. சார் போய்ப் பல்லை இளித்துக்கொண்டு டப்பாவை நீட்டினார்.

“சாரே, பெண்ணுங்ககிட்ட கேக்கிற சாதனமாடோ இது? எனக்க வயித்துல உள்ளது எனக்கும் கர்த்தாவுக்கும் மட்டும்தான் தெரியணும். ஓடிக்கோ!”

ஓடினோம். அவள் பின்னால் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாதனம் என்றால் எங்கள் ஊரில் சாமான்.

அக்ரஹாரமும் கொடுக்கவில்லை. சார் ஒரு நவராத்திரிக்கு எங்கள் ஆத்துக் கொலுவுக்கு வந்து, சுண்டலை வாங்கிக்கொண்டு, மாமிகள் நிறைந்த கூடத்தில் பையைத் திறந்து ஆளுக்கொரு நீல மூடி டப்பா கொடுத்தார். நான் சமையலுள்ளிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கிற டப்பா என்று நினைத்து எல்லோரும் ஆசையாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் கோயிலில் பார்க்கிறேன், எதிராத்து மாமி அதில் குங்குமம் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் நீட்டுகிறாள். எனக்குச் சொல்லவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. புதுசுதானே, தோஷமில்லை என்று நானும் ஒரு துளி எடுத்து இட்டுக்கொண்டேன்.

“அவா போட்டும் மாமி, நீங்களாவது குடுக்கப்படாதா?” என்பார் சார். “மலை இருக்கு, கடல் பாதி இருக்கு. தலமுற தலமுறயா மீன் தொடாத ஒரு குடலு எனக்க ஃப்ரீசர்ல இல்லியே!”

“சார், உங்களுக்காக நான் மலை ஏறறேன், கடலுக்கு வரேன், ஊரெல்லாம் கேக்கறேன். இது மட்டும் என்கிட்ட கேக்காதீங்கோ. எங்காத்துக்காரருக்குத் தெரிஞ்சா சிரிச்சே உசிரை விட்டுடுவார்.”

“சரி, பின்ன பாப்போம்” என்பார். அந்தப் ‘பின்ன’ வருஷக்கணக்கில் ஓடியது.

இப்போது பெட்டிகளின் கதைக்கு வருகிறேன்.

சாரின் சொத்து முழுக்க மாடியில் ஒரு பெரிய ஃப்ரீசரில் இருந்தது. அதற்குள்ளே குளிர் என்றால் சாதாரணக் குளிர் இல்லை, கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஹர்த்தால் நாள் காலை அது செத்துப்போனது. எங்கள் ஊரில் ஹர்த்தால் என்றால் கடை, பஸ், ஆட்டோ ஒன்றும் கிடையாது, காக்காய் மட்டும் பறக்கும். மெக்கானிக் வர முடியாது. பக்கத்து டிபார்ட்மென்ட்களில் கேட்டோம். என்ன சாம்பிள் என்று கேட்டார்கள். சார் சொன்னார். எல்லாருடைய ஃப்ரீசரிலும் திடீரென்று இடம் இல்லாமல் போய்விட்டது.

சாயந்திரத்துக்குள் குளிர் கிடைக்காவிட்டால் எல்லாம் இளகிப்போகும். அப்போதுதான் சிலுவைதாசன் ஞாபகம் வந்தது. விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு மீன் கம்பெனியில் குளிர் மெஷின் ஓட்டுகிறவன். சார் கையால் பிழைத்த குடல். போன் போட்டதும், “சாரே, இங்க ஒரு பழைய ஃப்ரீசர் ரூம் காலியா கிடக்கு. இப்போ அதுல மீனு வைக்கிறதில்லை, மெஷின் நல்லா ஓடும். முதலாளிகிட்ட கேட்டாச்சு. கொண்டுவாருங்க” என்றான். மிச்சமிருந்த டிரை ஐஸைப் போட்டு, தெர்மகோல் பெட்டிகளில் எல்லாவற்றையும் அடுக்கி, டேப் ஒட்டி, சாரின் பழைய காரில் ஏற்றிக் கிளம்பினோம்.

வழியில் ஒரு முக்கில் கொடி பிடித்த கூட்டம் காரை மறித்தது.

“சாரே, ஹர்த்தாலாணு. வண்டி போகில்லா.”

“ஆஸ்பத்திரி சாதனமாக்கும்.”

“எந்து சாதனம்?”

“மலம்.”

தலைவர் மாதிரி இருந்தவர், “எந்து?” என்றார். சார் மலையாளத்தில், இங்கிலீஷில், பிறகு கையால் விளக்கினார். “வேணும்னா தொறந்து காட்டட்டா?” என்று இறங்கப் போனார். கூட்டம் மொத்தமாக ரோட்டோரத்துக்கு ஒதுங்கியது. அத்தனை ஒழுங்காக எங்கள் ஊரில் ஒரு கூட்டம் வழி விட்டு நான் பார்த்ததில்லை.

கார் நகரும்போது தலைவர் ஓடி வந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். “சாரே, எனக்கு ஊணு கழிஞ்ஞால் இவிடெ ஒரு எரிச்சல்...” சாப்பிட்டு முடித்தால் வயிற்றில் எரிகிறதாம்.

சார் என்ஜினை அணைத்துவிட்டார். “எத்தற நாளாச்சு? காரம் நெறைய தின்பீரா? காலையில போவுதா?”

“சார்! ஐஸ் கரையறது!” என்று நான் கத்தினேன். மனுஷன் அப்போதும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். தலைவருக்கு மனசு குளிர்ந்துபோய், பைக்கில் ஒரு ஆளை எங்களுக்கு முன்னால் அனுப்பினார். ஹர்த்தால்காரரே வழி ஒதுக்கித் தர, ஹர்த்தால் நாளில் ராஜா மாதிரி விழிஞ்ஞம் போய்ச் சேர்ந்தது நாங்கள் மட்டும்தான்.

துறைமுகத்தில் ஹர்த்தால் இல்லை. கடலுக்கு என்ன ஹர்த்தால்? வள்ளங்கள் வந்து நின்று, தரை முழுக்க மீன், ஒரே இரைச்சல். வலைகள் கிடந்ததால் கார் அதற்கு மேல் போகவில்லை. பெட்டிகளை இறக்கி ஏலம் போடுகிற தரையின் ஓரமாக அடுக்கினோம். ஃப்ரீசர் ரூம் அந்தக் கடைசியில். சார் முதல் பெட்டியைத் தூக்கப் போனதும், பாரம் தூக்குகிற தொழிலாளிகளின் மூப்பர் வந்து தடுத்தார். “சாரே, இங்க பாரம் நாங்கதான் எடுப்போம். இன்னிக்கு ஹர்த்தால், மீனு மட்டும் எடுப்போம். வேற சாதனம் நாளைக்கு.”

“நாளைக்கா? நாளைக்கு எடுக்க இதுல ஒண்ணும் இருக்காதுல்லா!” என்று சார் பதறினார். என்னைப் பெட்டிகளுக்குக் காவல் வைத்துவிட்டு சிலுவைதாசனைத் தேடி ஓடினார்.

நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறேன். வந்தாளே பனியம்மை! என்னை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.

“மாமியே, பெட்டியில எந்தரு?”

“ஒண்ணுமில்லே.”

“ஒண்ணுமில்லாததுக்கா இத்தற காவல்? கணவாயா? பெரிய இறாலா?”

“மீனே இல்லேம்மா!”

“ஓ! வெளிய சொல்லக்கூடாத்த மீனு!” என்று அவள் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். கூட்டம் கூடிவிட்டது. ஆஸ்பத்திரி ஸ்டிக்கர், டேப், உள்ளேயிருந்து புகை மாதிரிக் குளிர். “எக்ஸ்போர்ட்டு!” என்றான் ஒருத்தன்.

அந்தத் தரையில் ஒரு வழக்கம் உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள்? அங்கே இறக்கி வைத்தது எதுவானாலும் ஏலத்துக்குத்தான். உடையவன் வாய் திறக்க வேண்டாம், லேலக்காரர் பார்த்துக்கொள்வார். லேலம் என்றால் ஏலம். லேலக்காரர் தோளில் துண்டோடு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு விலையைச் சொல்லிக் கூவ ஆரம்பித்தார். நான், “ஐயோ, வேண்டாம் வேண்டாம்” என்று தலையை ஆட்டினேன். விலை போதாது என்கிறேனாம். அவர் ஏற்றினார். நான் இன்னும் பலமாக ஆட்டினேன். அவர் இன்னும் ஏற்றினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “மாமி ஆளு கொள்ளாமே!” என்று, கெட்டிக்காரி என்கிற மாதிரி, கூட்டத்தில் ஒரு மரியாதை பிறந்தது. என் கழுத்து வலிக்கிற வரைக்கும் ஆட்டி, நல்ல நெய்மீனுக்குக் கிடைக்காத விலைக்கு அந்தப் பெட்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“பனியம்மைக்கு!” என்று லேலக்காரர் துண்டை உதறினார்.

அந்த நிமிஷம் சாரும் சிலுவைதாசனும் வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இதுக்கா? இதுக்கா இவ்வளவு போட்டி? எனக்க சர்வீஸ்ல இத ஒருத்தனும் சும்மா குடுத்தாக்கூட வாங்கல்லியே!” என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் உண்மையையும் சொன்னார், சத்தமாக.

லேலக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பனியம்மை சாரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆள் யாரென்று இப்போது புரிந்துவிட்டது. நான் கரமனை ஆஞ்சநேயரிலிருந்து விழிஞ்ஞத்து மாதா வரைக்கும் எல்லோரையும் வேண்டிக்கொண்டேன்.

பனியம்மை சிரித்தாள். சாதாரணச் சிரிப்பா அது! அருகே ஒரு கூடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “எனக்க மாதாவே! அன்னிக்கு இவரு சும்மா கேட்டாரு, தரமாட்டேன்னு விரட்டினேன். இன்னிக்கு ஊருக்காரங்க சாதனத்த நானே பைசா குடுத்து வாங்கினேனே!” துறைமுகமே சேர்ந்து சிரித்தது.

மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. “மீனு இல்லைன்னு இப்போ தெளிஞ்ஞாச்சே. நாங்க எடுக்கமாட்டோம்.”

பெட்டியின் ஓரத்தில் ஈரம் கசிய ஆரம்பித்திருந்தது. சார் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“மாமி, இதுல பொன்முடி லயத்துப் பெரியவங்க பாதிப் பேரு இப்ப உயிரோட இல்ல. லயமும் காலியாச்சு. ‘இன்னும் கொஞ்சம் தரட்டுமா’ன்னு கேட்டாரே ஒரு மனுஷன், அவரும் போயாச்சு. ஒருக்கா இளகிப்போனா, பின்ன நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?”

அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் பொறுக்கவில்லை. பனியம்மை சிரிப்பை நிறுத்தியிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு லேலக்காரரிடம் போனாள்.

“லேலம் விளிச்சாச்சா, இல்லையா?”

“விளிச்சாச்சு.”

“யாருக்கு?”

“உனக்கு.”

“இந்தத் தரையில மீனல்லாம வேற ஏதாவது எப்பவாவது லேலம் போயிருக்கா?”

லேலக்காரர் யோசித்தார். “இல்லை.”

“அப்போ இது மீனு!” என்று பனியம்மை மூப்பர் பக்கம் திரும்பினாள். “எனக்க மீனு. வெயில்ல கிடந்து கெட்டுப்போவுது. எடுடே!”

மூப்பர் தலையைச் சொறிந்தார். பெட்டியைப் பார்த்தார், லேலக்காரரைப் பார்த்தார், கடைசியில் பனியம்மையின் தொண்டையை நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. “பனியம்மை சொன்னா மீனுதான்” என்று துண்டைத் தலையில் சும்மாடாகச் சுற்றினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பெட்டிகள் வரிசையாகத் தலையில் ஏறி ஃப்ரீசர் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தன. உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதும் சார் மூப்பரைக் கட்டிக்கொண்டார். “உமக்கு எப்பவாவது வயிறு சரியில்லன்னா நேரா எங்கிட்ட வாரும்” என்றார். அதற்கு மேல் ஒரு ஆசீர்வாதம் அவரிடம் கிடையாது.

பனியம்மை ஏலக் காசை எடுத்து நீட்டினாள். சார் வாங்கவில்லை. “காசு வாங்கலைன்னா லேலம் நிக்காது, லேலம் நிக்கலைன்னா அது மீனில்ல” என்று அவள் வாதாடினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தத் தொண்டையில் அவ்வளவு மெல்லிசான குரல் ஒன்று இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“காசுக்குப் பதிலா எனக்க வயித்த ஒண்ணு பாத்துத் தருவீங்களா சாரே? நெறைய நாளா ரத்தம் போவுது. யாருகிட்டயும் சொன்னதில்லை.”

சார் பார்த்தார். நல்ல நேரத்தில் பார்த்தது. இன்றைக்குப் பனியம்மை பழையபடி அதே தரையில் அதே தொண்டையோடு நிற்கிறாள். அதோடு, “கூச்சப்பட்டா செத்துப்போவீங்கடீ!” என்று சத்தம் போட்டு, விழிஞ்ஞத்துப் பெண்கள் அத்தனை பேரிடமும் டப்பா வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். எங்கள் டிபார்ட்மென்டில் அந்தப் பெட்டிகளுக்கு ‘பனியம்மை மீன்’ என்றே பேர் நின்றுவிட்டது. சார் அதிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கும்போதெல்லாம், உடையவள் என்கிற மரியாதைக்கு, அவளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

மலைக்காரர்களின் வயிற்றில் குடியிருந்த ஒரு கிருமியைப் பற்றி சாரின் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அதில் எனக்குப் புரிந்தது கடைசியில் நன்றி சொன்ன இடம் மட்டும்தான். அங்கே என் பேருக்குப் பக்கத்தில் பனியம்மை பேர் இருந்தது.

போன வருஷம் சார் ரிட்டயர் ஆனார். பெரிய விழா. மேடையில் பெரிய மனிதர்கள் பேசினார்கள். ஒருத்தர் பொன்னாடை போர்த்தினார், ஒருத்தர் குத்துவிளக்கு கொடுத்தார், பனியம்மை வாழையிலையில் சுற்றிய நெய்மீனோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சார் எல்லாவற்றையும் வாங்கி அசிரத்தையாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்டாஃப் சார்பில் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் மேடை ஏறினேன். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை அவர் கையில் கொடுத்தேன். பிரித்தார். நீல மூடி டப்பா. மேலே என் பேரும் கரமனை என்றும் என் கையெழுத்தில்.

சார் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மாமி... போயாச்சா?” என்றார், குழந்தை மாதிரி.

“ஆச்சு சார். இன்னிக்குக் காலம்பறதான். ஐஸ்லயே வெச்சுண்டு வந்தேன்.”

“அக்ரஹாரம்!” என்று ஒரு கத்தல். மைக்கில் ஹால் முழுக்கக் கேட்டது. பொன்னாடை நாற்காலியில் விழுந்தது. நன்றியுரைக்கு எழுந்தவரைத் தள்ளிக்கொண்டு, டப்பாவை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, படியிறங்கி, வராந்தா வழியாக மாடி ஃப்ரீசரைப் பார்க்க ஓடினார். ரிட்டயர் ஆகிற வயசில் அப்படி ஓடலாமா? விழா நாயகன் இல்லாமலேயே விழா முடிந்தது.

நான் மேடையிலேயே நின்று அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். என் ஆயுசில் என்னிடமிருந்து ஒன்றை இவ்வளவு ஆசையாக யாரும் வாங்கிக்கொண்டதில்லை.